சாமி சொன்ன வண்டி

சன்னதியில் நின்ற பிரவீனா கண்ணைத் திறக்கவேயில்லை. தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயாமல், உதடு அசைய அவள் கும்பிட்டதைப் பார்த்துப் பூசாரியே மனம் இளகிவிட்டார்.

"சம்சாரம் இப்படி வேண்டுனா உங்க வண்டிக்கு ஒரு கீறல் உழுகாதுங்க" என்று சிவக்குமாரிடம் சொன்னார்.

சிவக்குமாருக்குப் பெருமை தாங்கவில்லை. மாதக்கணக்கில் அவன் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு இன்று பதில் கிடைத்துவிடும். நெட்டையான டூரிங் பைக்கா, பழைய காலத்துச் சாயலில் வரும் ஸ்கிராம்ப்ளரா?

மனசு முழுக்க டூரிங் பைக்கில்தான் இருந்தது. நாமக்கல் நண்பர்கள் எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு லடாக் போகத் தேதியும் குறித்தாயிற்று. உருண்டை விளக்கும் காப்பி நிற சீட்டுமாக இருந்த ஸ்கிராம்ப்ளரை அவன் கணக்கில் சேர்த்ததே அம்மா சென்னியம்மாளுக்காகத்தான். மற்றதில் ஏறுவதென்றால் தனக்கு ஏணி வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

கல்யாணமோ கிணறோ, மோகனூர் ஆற்றோரத்துக் குலசாமியிடம் பூக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் எதுவும் நடக்காது. ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எதை எடுக்கிறாரோ அதுதான் சாமியின் வாக்கு. வெள்ளை வந்தால் டூரிங் பைக், சிவப்பு வந்தால் ஸ்கிராம்ப்ளர் என்று பேச்சு. வாக்கை மீறி வண்டி எடுக்கிற தைரியம் சிவக்குமாருக்குக் கிடையாது.

"பொட்டலத்த அம்மிணியே கட்டட்டும்" என்று காலையில் சென்னியம்மாள்தான் பூவையும் வாழையிலையையும் மருமகளிடம் நீட்டினாள்.

பிரவீனா கட்டினாள். இரண்டிலும் செவ்வரளி. வெள்ளையைக் கொண்டுபோய் எருக்குழியில் வீசிவிட்டாள்.

பின்னே என்ன? அவள் அப்பா வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டரை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றவன் அவன். தோட்டத்து வீட்டுக்குப் பஸ் கிடையாது. அந்த ஸ்கூட்டரில்தான் அவள் நாமக்கல்லுக்கு வேலைக்குப் போய்வந்தாள். "ஊட்டுல ரெண்டு வண்டி எதுக்கு? நீ வேலைக்குப் போயிக் கிழிச்சது போதும்" என்று சொல்லிவிட்டான். ஸ்கூட்டர் விற்ற காசில் லடாக் குளிருக்கு ஒரு ஜாக்கெட் வந்தது. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்கக் கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். அவளுக்கு வேலை போயிற்று.

பிறந்த வீட்டுக்குப் போய் அழுது பார்த்தாள். "உன்ற கல்யாணத்துக்கே சாமி வெள்ளப்பூவக் குடுத்துச்சு. வெள்ளை வந்தாக் கட்டு, செவப்பு வந்தா உட்டுருன்னுதான மாப்ள ஊட்டுல கேட்டாங்க. சாமி சேத்து வெச்ச எடம், அனுசரிச்சுப் போ கண்ணு" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் பிரவீனாவுக்கு வழி தெரிந்தது. சாமி பேரைச் சொல்லி அடித்தால் இவர்களால் திருப்பி அடிக்க முடியாது.

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்து நாரை அவிழ்த்தார்.

"செவப்புங்க."

சிவக்குமாரின் முகம் தொங்கிப்போயிற்று. "இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"வாக்கு ஒருக்காத்தானுங்க."

"அதுல பெட்டியும் மாட்ட முடியாது, டேங்கும் சின்னது. பசங்க மொகத்துல நான் எப்படி முழிக்கறது?" என்று அவன் முனகினான். பிரவீனாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் போதவில்லை, இன்னும் கொஞ்சம் அவன் துடிக்க வேண்டும்.

"வெசனப்படாதீங்க. சாமி சேத்து வெச்ச வண்டி. அனுசரிச்சுப் போங்க" என்றாள், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

அவன் கேட்கிற நிலையில் இல்லை. அவன் கை சாமி காலடியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை நோக்கிப் போனது. "வெள்ளை இதுலதான இருக்குது? சும்மா ஒருக்காப் பாத்துக்கறேன்."

பிரவீனா அவனைத் தடுக்கப் போனாள். அதற்குள் சென்னியம்மாள் குனிந்து, பழகிய கையாகப் பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

"எடுக்காத பூவப் பிரிக்கக் கூடாது கண்ணு. ஆத்துலதான் உடோணும். அம்மிணி, நீ வா" என்று முன்னால் நடந்தாள்.

சிவக்குமார் சன்னதியிலேயே உட்கார்ந்துவிட்டான். மாமியாரும் மருமகளும் மட்டும் காவிரியில் இறங்கினார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று சென்னியம்மாள் நிதானமாகப் பொட்டலத்தைப் பிரித்தாள். செவ்வரளி தண்ணீரில் விழுந்து மிதந்தது.

பெட்டி கட்டிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பிரவீனா நினைத்தாள். அப்படி அனுப்பினால் அங்கேயும் யாரும் சேர்க்க மாட்டார்கள். சாமி பூவில் கை வைத்தவள் என்றுதான் ஊர் பேசும்.

"அத்தை, அது வந்துங்க..."

சென்னியம்மாள் கோபப்படவில்லை. வெறும் இலையையும் தண்ணீரில் விட்டுவிட்டு, கையை அலசிக்கொண்டே சொன்னாள்:

"உன்னயப் பொண்ணு எடுக்கறப்ப, நானும் ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சுக் கட்டுனேன்."