மூன்று மாடி வீடு

அறைச் சாவியை வாங்கிய மொட்டைத் தலைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "வாசல்ல சாக்கடை இப்படி நாறுதே, நகராட்சில சொல்லலையா?"

"அவனுங்களா?" லாட்ஜ் முதலாளி சடகோபன் அந்தச் சாக்கடையிலேயே காறித் துப்பினார். "வரி வாங்க மட்டும் வருவானுங்க. லாட்ஜுக்கு வரி கட்ட நான் என்னா கேனையனா சார்? பதினாறு ரூமும் அவனுங்க ஏட்டுல குடும்பம் இருக்கிற வீடு. போன வாரம் ஒரு மீசைக்காரன் அளக்க வந்தான். மச்சானுங்க குடும்பத்தோட தங்கிகினு இருக்காங்கன்னேன். நம்பிட்டுப் போனான், மடையன்."

வந்தவர் சந்தனம் பூசிய தலையைத் தடவிக்கொண்டார்.

"அந்த மீசையைக் காலைலதாங்க மலை மேல முருகனுக்குக் குடுத்தேன்."

பையிலிருந்து நகராட்சி நோட்டீஸை எடுத்து நீட்டினார்.

"எந்த மச்சான் ரூமை எனக்குக் காலி பண்ணிக் குடுத்தீங்க, மச்சான்?"