கன்னம் மாறிய கீறல்

“மூக்கு ரொம்ப அழகா இருக்கு. கெடுத்துடு.”

பொம்மைக்காரிக்குச் சுருக்கென்றது. களிமண்ணில் கைக்குழந்தை பொம்மை செய்து விற்பவள் அவள். அழகாக இருக்கிறது என்று குறை சொல்ல ஓர் ஆள் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

“எப்படிம்மா கெடுக்கறது?”

“என் பேரனுக்குச் சப்பை மூக்கு. அது மேல பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி இருக்கும். பால் குடிச்சுக் குடிச்சு மேலுதட்டுல ஒரு கொப்புளம். நெத்தியில தோல் உரியுது. ஒண்ணு விடாம வரணும்.”

சொல்லிவிட்டு முறைத்தாள் அந்த அம்மா. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. பொம்மைக்காரி மனசுக்குள் அவளுக்கு ‘சூப்பரிண்டெண்ட்’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

அவள் தலை மறைந்ததும் உள்ளேயிருந்து கணவன் கேட்டான்.

“வீட்டுல நிஜப் பேரன் இருக்கறப்போ பொம்மை எதுக்காம்?”

“மருமக குழந்தையைத் தொட விடலை போலிருக்கு. நானா இருந்தாலும் விட மாட்டேன். அந்தக் கண்ணைப் பாத்தா பச்சப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துடும்.”

“பாவம் அந்தப் பொண்ணு.”

“என்ன பாடு படுதோ!”

வாய் பாட்டுக்குத் திட்டியது, கை பாட்டுக்கு வேலை செய்தது. மூக்கைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு. ஊசி முனையால் விரல் முட்டிகளில் சுருக்கம். இமை மேல் நூல் மாதிரி நீல நரம்பு. நகத்துக்கு வார்னிஷ். நடுநடுவே சூப்பரிண்டெண்டின் போன் வேறு. காது மடிப்பு பத்தாது, உள்ளங்கால் இன்னும் சிவக்கணும் என்று உயிரை வாங்கினாள்.

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு போட்டோ வந்தது. கூடவே உத்தரவும்.

“பேரன் நகத்தால கன்னத்தைக் கீறிக்கிட்டான். அதையும் போட்டு அனுப்பு.”

குழந்தைக்குப் பக்கத்தில் சூப்பரிண்டெண்டின் பாதி முகமும் தெரிந்தது. பொம்மைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு, படத்தில் பார்த்தபடியே வலது கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு இழுத்துக் கணவனிடம் கொடுத்தனுப்பினாள். தலைமுழுகியாச்சு என்று நினைத்தாள்.

மறுநாளே போன்.

“ஏம்மா, கீறல் இடது கன்னத்துல. நீ வலது கன்னத்துல போட்டிருக்கே!”

“போட்டோவுல அப்படித்தானேம்மா...” என்றவளுக்குப் பாதியில் பொறி தட்டியது. அது செல்ஃபி. கண்ணாடி மாதிரி இடம் வலமாகியிருக்கிறது. இத்தனை வருஷத் தொழிலில் இதைக் கவனிக்காமல் கோட்டை விட்டுவிட்டாள்.

“உடனே வா. எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. மானம் போகுது.”

ஒரு கீறலுக்கு மானம் போகுமாம்! பெயிண்ட் டப்பாவை இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஹால் நிறையச் சொந்தக்காரர்கள். மூலையில் தொட்டில், மேலே கொசுவலை, உள்ளே கழுத்துவரை போர்த்திய பொம்மை. கிட்டே யாரும் போகாதபடி குறுக்கே ஒரு நாற்காலி.

“நர்ஸம்மா வந்தாச்சு, வழி விடுங்க!” என்றாள் சூப்பரிண்டெண்ட்.

பொம்மைக்காரி திரும்பிப் பார்த்தாள். பின்னால் நர்ஸ் யாரும் இல்லை.

“அப்படியே எங்க அண்ணன் மூக்கு!” சோபாவிலிருந்த நாத்தனார் உருகினாள். “எங்க வம்சத்து மூக்கு எங்கே போகும்?”

பொம்மைக்காரி தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு விஷயமே உறைத்தது. இத்தனை பேரும் களிமண்ணைத்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்!

“ஆமா அண்ணி, நேத்து வீடியோவுல கீறல் இடது கன்னத்துல இல்ல இருந்துச்சு?” நாத்தனார் எழுந்தாள். கொசுவலையைத் தூக்கக் கை நீண்டது.

சூப்பரிண்டெண்டின் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்ததும் பொம்மைக்காரிக்கு என்ன தோன்றியதோ, குறுக்கே பாய்ந்துவிட்டாள்.

“தள்ளுங்க, மருந்து போடணும்.”

டப்பாவிலிருந்த, பெயிண்ட் அழிக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒரே இழுப்பு. கீறல் போயே போச்சு.

“அடேங்கப்பா, என்ன மருந்து இது! என் முழங்கால்ல ஒரு தழும்பு இருக்கு, கொஞ்சம் பாக்கறியா?”

“இது பச்சக்குழந்தைக்குத்தான் கேக்கும்.”

எல்லாரும் திருப்தியாகக் கிளம்பிப் போனார்கள். கதவு சாத்தியதும் பொம்மைக்காரி பொரிந்தாள்.

“சொந்தக்காரங்களையே இப்படி ஏமாத்தறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?”

சூப்பரிண்டெண்ட் உதட்டில் விரல் வைத்தாள். உள் அறைக் கதவை லேசாகத் தள்ளிக் காட்டினாள்.

கட்டிலில் மருமகள் தலைவிரிகோலமாக, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மார்பில் குப்புறப் படுத்திருந்தான் நிஜப் பேரன்.

“பெத்ததிலேருந்து இன்னிக்குத்தான் அசந்து தூங்கறா” என்று கிசுகிசுத்தாள். “வர்றவங்க சும்மாவா பாப்பாங்க? தூங்கற பிள்ளையை எழுப்பணும், எடுத்துக் கொஞ்சணும், அழ வைக்கணும். அப்புறம் ‘உனக்குப் பால் பத்தலை’ன்னு இவகிட்டயே சொல்லிட்டுப் போகணும். வராதீங்கன்னு சொன்னா மருமகளுக்குத் திமிர்னு ஊரெல்லாம் பேசுவாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

பொம்மைக்காரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து குத்தியது.

“வேற என்ன வேணும்னாலும் கேளுங்கம்மா. செஞ்சு தர்றேன்.”

வாசலில் மறுபடி காலிங்பெல் அடித்தது. சூப்பரிண்டெண்ட் சிவந்த கண்களைக் கசக்கிக்கொண்டு பெரிதாய் ஒரு கொட்டாவி விட்டாள்.

“என் அளவுல ஒண்ணு செஞ்சு குடு. அதை ஹால்ல உக்கார வெச்சுட்டு நானும் கொஞ்சம் தூங்கணும்.”