சாக்கோச்சன் சாரின் கிரேட் டேன்

வீட்டுக்கு கிரேட் டேன் நாய்க்குட்டி வரப்போகிறதென்று சாக்கோச்சன் சார் என்னை மரவேலைக்குக் கூப்பிட்டார்.

மாடிப்படிக்கு ஒரு கேட் போட்டேன். கேஸ் அடுப்புக் குமிழ்களுக்கு மூடி செய்தேன். கத்தி, மருந்து எல்லாவற்றையும் அவரே மேல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். கடைசியாக, வாசல் கதவின் உள்பக்கம் தலைக்கு மேலே ஒரு கொண்டி.

"வர்றது குட்டியா, கொம்பன் யானையா சாரே?"

"பெரிய ஜாதி, சுகதா. ரெண்டு கால்ல எழுந்து நின்னா அதுக்கு எட்டாத இடமே கிடையாது."

அவர் மனைவி ரோசம்மா டீச்சர் சாயா கொண்டுவந்தார். "இச்சாயா, குட்டிக்கு என்ன பேர் வைக்கலாம்?"

"நீயே சொல்லு" என்றவர், ஆணி வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் டீச்சர் என் பக்கத்தில் வந்தார்.

"சுகதா, அந்தக் கொண்டிய வெளிப்பக்கம் மாத்திடு."

"உள்ள இருக்கிற நாய்க்கு வெளியில எதுக்கு டீச்சரே?"

"நாயெல்லாம் வராதுடா. போன வாரம் நைட்டியோட பஸ் ஏறி, பழைய ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போயிட்டேன். வீடு எங்கன்னு கேட்டா சொல்லத் தெரியல. என்ன அடைச்சு வைக்கணும்னு என் முகத்தப் பார்த்துச் சொல்ல இச்சாயனுக்கு மனசு வரல, பாவம்."

திருப்புளியைக் கொண்டியின் திருகில் வைத்தேன்.

"உள்ள இருந்தா ஸ்டூல் போட்டுத் திறந்துடுவேன். சீக்கிரம் மாத்து. கொஞ்ச நேரம் போனா நானே உன்ன மாத்த விடமாட்டேன்."