தலைவர் சாப்பிட்ட வீடு

“அந்த ரெண்டு கட்சிக்காரங்களும் இந்தக் காலனிக்குள்ள கால் வெச்சிருக்காங்களா? எங்க தலைவர் நாளைக்கு உங்க வூட்டுலயே சாப்பிடுவாருங்க,” என்றார் புதுக்கட்சியின் ஒன்றியச் செயலாளர்.

மனைவி கண்ணம்மாள் ஆசையாய் வளர்த்த சேவலை விடிந்ததும் அறுத்துக் கொடுத்தான் சவுரியப்பன்.

தலைவர் வந்தார். தரையில் சம்மணமிட்டு, களியைக் கோழிக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். கேமராக்கள் மின்னின.

“இந்த ருசி எந்த ஓட்டல்லயும் வராது,” என்றார். வாசலில் கைகட்டி நின்ற சவுரியப்பனுக்குக் கண் கலங்கியது.

கார்கள் போனதும் அடுப்படிக்கு ஓடினான்.

“உன் கைப்பக்குவத்தைத் தலைவரே மெச்சிட்டாரு.”

கண்ணம்மாள் சட்டியைத் திறந்து காட்டினாள். குழம்பு விளிம்புவரை அப்படியே இருந்தது.

“அவரு சாப்பிட்டது தொப்பூர் ஓட்டல் பார்சல். அவங்க ஆளுங்களே பின்வாசல் வழியா கொண்டாந்து பரிமாறினாங்க. அந்த ரெண்டு கட்சியும் வராதப்ப, என் சேவலாச்சும் உசுரோட இருந்துச்சு.”