த்தூ!

ஐஸ்கிரீம் கம்பெனியில் ருசி பார்ப்பவர் கரண்டியை வாயில் வைத்ததுமே அவர் முகம் அஷ்டகோணலானது. சில்லென்று ஒரே சேறு. நடுநடுவே ஊறிப்போன அட்டை.

"த்தூ!" வாளியில் துப்பினார். "இதுக்குப் பேரு பிரௌனி ஐஸ்கிரீமா? மனுஷன் திம்பானா இதை?"

மூன்றாவது தடவையாகச் செய்து கொண்டுவந்த பெண்ணுக்குக் கண் கலங்கியது. "சாக்லேட் இன்னும் கூட்டிப் பாக்கட்டுமா சார்? இதுவும் தேறலைன்னா என் வேலை போயிடும்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? குமட்டுதே!"

பக்கத்தில் நின்ற முதலாளி பூரித்துப்போனார். "நாக்குன்னா இதுதான் நாக்கு! போன வருஷம் வரைக்கும் எதைக் கொடுத்தாலும் தலையாட்டுவாரு. இப்பல்லாம் இவர்கிட்ட லேசுல எதுவும் தேறாது!"

சாயங்காலம் வீட்டில் மனைவி காபியை நீட்டினாள். மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேணும்னேதான் சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டேன்" என்றாள் அவள். "போன வருஷம் வந்த காய்ச்சலோட போன ருசி இன்னும் திரும்பலை. உங்களை எப்படிங்க வேலைல வச்சிருக்காங்க?"

"நல்லாயிருக்குன்னு சொன்னா, எது நல்லாயிருக்குன்னு கேப்பாங்க" என்றார் அவர். "துப்பிட்டா ஒருத்தனும் கேக்கறதில்ல."