வாசலில் ஒரு ஸ்டூல்

அநாதை இல்லத்தின் பார்வையாளர் அறை வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் ஆயா. உள்ளே நன்கொடையாளர்; எதிரே இல்லத்துச் சிறுமி. வெளியார் யாரும் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது என்று சுவரில் அறிவிப்பு ஒட்டியவரே இல்லத்தின் செயலாளர்தான்.

அவரே இப்போது பல்லைக் கடித்தார். "எழுந்து போம்மா. கதவைச் சாத்திட்டு நிம்மதியா பேசட்டும். அவர் புண்ணியத்துலதான் இங்க அடுப்பு எரியுது."

"சட்டம் போட்டது நீங்கதானே சார்?"

"அது கண்டவனுக்கும் போட்டது. இவர் தங்கமான மனுஷன். தப்பா பேசினா நாக்கு அழுகிடும்."

"அழுகட்டும் சார்."

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

ஆயா அசையவில்லை.

அந்நேரம் செயலாளரின் கார் வந்து நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த அவர் மகள், "அப்பா" என்று குதித்திறங்கி ஓடி வந்தாள். செயலாளர் பாய்ந்து போய் அவளைப் படியிலேயே மறித்தார்.

"உள்ள வராதே. கார்லயே இரு. கண்ணாடியை ஏத்திக்கோ."

"ஏம்ப்பா?"

"அந்த மாமா வந்திருக்காரு."

ஆயா எழுந்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்ச் சிறுமியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, செயலாளர் முன்னால் நிறுத்தினாள்.

"இவளையும் அதே கார்ல ஏத்துங்க சார்."