தூக்கிய விரல்

டிரம்ஸ் பழக ஆரம்பித்த ஜெனிட்டா எந்நேரமும் ஒரே பாட்டைத்தான் வாசிப்பாள். பல்லவி முடிந்து சரணத்துக்குத் தாவும் இடத்தில் கையும் காலும் குழம்பி நிறுத்திவிடுவாள். இன்று கீழ்வீட்டு தனபாக்கியம் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"சத்தம் ஜாஸ்தியாக்கா? நிறுத்திடறேன்."

"நிறுத்துறதுதாம்மா தொந்தரவே. வாதத்துல படுத்ததுலேருந்து எங்க வீட்டுக்காரருக்கு ஆடுறது ஒத்த விரல்தான். நீ அடிச்சா அதுல தாளம் போடுறாரு. நீ நிறுத்தினா தூக்கின விரல் அந்தரத்துலயே நிக்குது. சோறு ஊட்டுறப்பகூட எறக்கல."

"அதுக்கு மேல எனக்கு வராதேக்கா."

"தப்பா அடிச்சாலும் பரவால்ல, அடி."

ஜெனிட்டா முதலிலிருந்து வாசித்தாள். அந்த இடம் வந்தது. குச்சி காற்றில் நின்றது. தனபாக்கியம் ஜன்னலுக்கு ஓடி, கீழே பார்த்துக் கத்தினாள்:

"கொஞ்சம் இருங்க, வந்துடும்!"